செபாஸ்டின் சார் எழுதிய பிட்

இதனால், மேலே கவுஞ்சியிலிருந்து கீழே கன்னிவாடி வரை வசிக்கும் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மறதி ஒழிந்தது. ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கொடைக்கானல் பங்குக் கோயில் மன்றத்தில் ரிப்பன் வெட்டி அதை ஒழித்தார்கள். பத்தரைக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வந்தபோது மறதிக்காரர்களில் மூன்று பேர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தார்கள். தியானப் பயிற்சி என்று அதையும் படம் பிடித்துக்கொண்டார்கள்.

'மூளைப் புத்தொளி மையம்' என்று பெயர். பயிற்சியாளர் செல்வமுருகன் பழனிக்காரர். டிராக் சூட், கழுத்தில் விசில். "மூளையும் ஒரு மசில்தாங்க. பிழிஞ்செடுத்தா வேலை செய்யும்" என்பது அவருடைய தத்துவம். செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. உட்கார்ந்தபடியே கையைத் தூக்க வேண்டும், குதிகாலை உயர்த்த வேண்டும், எதிரே இருப்பவருக்குப் பந்தை உருட்டிவிட வேண்டும்.

இதில் கித்தேரியம்மாளுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் கணவர் செபாஸ்டின் சார் மிஷன் பள்ளியில் முப்பத்துமூன்று வருஷம் கணக்கு வாத்தியார். மூன்று வருஷமாக ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தவர், பந்து உருண்டு வந்தால் சிரித்தார். வகுப்பு முடிந்து மேட்டுச் சாலையில் வீட்டுக்கு ஏறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாற்பத்தோரு வருஷத்தில் அவர் தெருவில் கை பிடித்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கைக்காகவே அவள் செவ்வாயையும் வெள்ளியையும் எதிர்பார்த்திருந்தாள்.

கெடுத்தது அச்சடித்த ஒரு தாள். "வீட்டுல தெனம் பத்துக் கேள்வி கேளுங்கம்மா. விடாமக் கேக்கணும்" என்று செல்வமுருகன் கொடுத்தது. இன்று என்ன கிழமை? இது எந்த ஊர்? நான் யார்? கித்தேரியம்மாள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. காப்பிக்கு ஒரு கேள்வி, இட்லிக்கு இரண்டு. பதில் வராவிட்டால் மறுபடியும். ஒரே வாரத்தில் அவர் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கண்ணை மூடிக்கொண்டு படுத்தார். மேட்டில் கையை விட்டுவிட்டுப் பத்தடி முன்னால் வெரசாக நடந்தார்.

"ஏங்க, நான் யாருன்னு ஒரு தடவ சொல்லிருங்க. அப்புறம் கேக்கவே மாட்டேன்."

"சிலபஸ்ல இல்லாததக் கேக்காதீங்கம்மா" என்றார்.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பில் பத்துக்குப் பத்து வாங்கினார். வெள்ளிக்கிழமையும். கிழமை, ஊர், திருப்பூரில் இருக்கும் மகன் செல்வின், எதிரே நிற்கும் கித்தேரியம்மாள், ஒன்றும் தப்பவில்லை. செல்வமுருகன் விசில் ஊதினார். போனில் வீடியோ எடுத்தார். மாதக் கடைசியில் விழா, மேடையில் நேரடிச் செயல்விளக்கம் என்று பேனர் அடிக்கவே சொல்லிவிட்டார். கித்தேரியம்மாள் மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

மறுநாள் துவைப்பதற்காக அவருடைய குரங்குக் குல்லாவை உதறினாள். மடிப்பிலிருந்து நாள்காட்டித் தாள்கள் இரண்டு விழுந்தன. ஒன்று நேற்றையது. இன்னொன்று பழையது, அதன் பின்பக்கம் நடுங்கும் கையெழுத்து.

'ஊர்: கொடைக்கானல். மகன்: செல்வின், திருப்பூர். நீலச் சால்வை: கித்தேரியம்மாள். நல்ல பெண். பரீட்சை வைப்பாள்.'

பையன்களின் காலுறையிலிருந்தும் சோற்று டப்பாவிலிருந்தும் பிட்டுகளைப் பிடித்தெடுத்த மனிதர். துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்து அவள் இன்னொரு தடவை படித்தாள். 'நல்ல பெண்' வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, காய்ந்த குல்லாவில் தாள்களை இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்றிலிருந்து நீலச் சால்வையை அவள் மாற்றவில்லை. கேள்வி கேட்பதை நிறுத்தவும் தைரியம் வரவில்லை. நிறுத்தினால் மிச்சமிருப்பதும் போய்விடுமோ என்று பயம்.

விழாவில் சிறப்பு விருந்தினர் முதுமையின் மகத்துவத்தை ஒரு மணி நேரம் விளக்கினார். பிறகு, பராமரிக்கும் பெண்களைக் கௌரவிக்க நன்கொடையாளர் ஒருவர் கொடுத்த சால்வைகளைப் போர்த்தினார்கள். பதினான்கு சால்வை. எல்லாம் ஒரே நீலம்.

செல்வமுருகன் மைக்கை நீட்டினார். "சார், முன்னாடி உக்காந்திருக்கவங்கள்ல உங்க மிசஸ் யாரு? காட்டுங்க பாப்போம்."

செபாஸ்டின் சார் குல்லாவைக் கழற்றித் தாளைப் பார்த்தார். முதல் வரிசையைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். பதினான்கு கித்தேரியம்மாள்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கித்தேரியம்மாள் எழுந்துவிட்டாள். "நான்தாங்க கித்தேரி. இங்க இருக்கேன்."

அவர் நிமிர்ந்தார். வகுப்பறைக் குரல் கடைசி நாற்காலி வரைக்கும் போயிற்று. "ஏம்மா, பரீட்சை ஹால்ல சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு தெரியாது? வெளிய போங்க."

"போறேன் சார். நீங்களும் வாங்க."

"நான் என்ன செஞ்சேன்?"

"கையில பிட்டு வச்சிருக்கீங்கள்ல."

அவர் தாளைப் பார்த்தார். தலையை ஆட்டி ஒப்புக்கொண்டு, அதைச் சிறப்பு விருந்தினரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினார். வாழ்த்து மடல் என்று நினைத்து விருந்தினர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மேட்டுச் சாலையில் மேகம் இறங்கியிருந்தது.

"அடுத்த பரீட்சை எப்பம்மா?" என்றார்.

"இனிமே கெடையாதுங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"ரிசல்ட்டு?"

"பாஸு."

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

இப்போது காலையில் காப்பியோடு அவளே சொல்லிவிடுகிறாள்: "நான் கித்தேரி. இன்னிக்கு சனிக்கிழமை. சூடா இருக்கு, மெதுவாக் குடிங்க."

பத்து நிமிஷத்தில் அவருக்கு மறந்துவிடுகிறது.