ஸ்கேன் முடியும்வரை யாரும் ஆடக்கூடாது

ஜெயலெட்சுமி டெங்கிக் காய்ச்சலில் இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது என்றதும், அவளுடைய அம்மா வடிவம்மாள் பாகான் டாலாமிலிருந்து ஃபெரி ஏறி மருமகன் வாசுவின் ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்கு வந்து இறங்கினார். மகள் ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, எடுத்த படத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"இதையே பெருசு பண்ணி மாட்டிரலாம் மாப்பிள்ளை. தெவசத்துக்குப் படம் இல்லாம எப்படி?"

வாசு வாங்கிப் பார்த்தான். ஐசி படத்தில் யாருமே லட்சணமாக இருப்பதில்லை. ஆனால் ஜெயலெட்சுமி அதில் எல்லையில் கஸ்டம்ஸ்காரனிடம் மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தாள். மாலை போட்டுக்கொண்டு, இரண்டடி உயரத்தில், அந்த முகம் சுவரிலிருந்து தன்னை முறைத்துக்கொண்டே இருப்பதை நினைத்தான்.

"வேற இருக்கு அத்தை."

"ஞாயித்துக்கிழமை தெவசம். அதுக்குள்ள வரலைன்னா இதான்."

அவள் தனியாக நிற்கிற படமென்று இருந்தது ஒரே ஒரு நெகட்டிவ் துண்டில்தான். தீபாவளிப் பலகாரம் சுட்ட அன்று சமையலறையில் வாசு எடுத்தது. ஜெயலெட்சுமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, திட்டப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியாமல் நின்றாள். ஃபிளாஷ் பேட்டரி தீர்ந்துபோயிருந்ததால் படம் இருட்டு. இருட்டிலே எடுத்த படத்தில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி கிரெய்ன் என்கிற பொடிப்புள்ளிகள் வரும். வாசு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சிப் சோதிக்கிற இன்ஜினியர். சிநேகிதன் ஒருவனிடம் ஃபிலிம் ஸ்கேனரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

முதல் ஸ்கேனைத் திரையில் பார்த்ததும் வடிவம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னா மாப்பிள்ளை, அம்மை போட்ட மாதிரி இருக்கு? வர்றவங்கல்லாம் என் பொண்ணு அம்மையில போனான்னுல்ல பேசுவாங்க."

"எடுத்துறலாம்."

வழி இருந்தது. ஒரே படத்தை ஸ்கேனர் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். அது தானாகச் சேர்க்கும் பொய்ப்புள்ளிகள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விழும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பொய் கரைந்துபோய் உள்ளது மட்டும் நிற்கும். ஒரே நிபந்தனை, முடியும்வரை ஸ்கேனர் மயிரிழைகூட அசையக்கூடாது.

பாதியில் மேல்வீட்டில் உரலில் மிளகாய்ச் சம்பல் இடிக்கத் தொடங்கினார்கள். திரையில் ஜெயலெட்சுமிக்கு இரண்டு மூக்கு வந்தது.

வாசு மாடியேறினான். சீனி முகம்மது பனியனோடு கதவைத் திறந்தார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் இடிக்காம இருக்க முடியுமா? ஆடுது."

"என்னா ஆடுது?"

"படம்."

"யாரு படம்?"

"ஜெயா படம்."

சீனி முகம்மது தலையைச் சொறிந்தார். "படம் பிடிக்கிறப்ப ஆடக்கூடாது, சரி. பிடிச்சு முடிச்ச படத்துக்கு நான் எதுக்கு தம்பி ஆடாம நிக்கணும்?"

நியாயமான கேள்விதான். வாசுவின் முகத்தைப் பார்த்த மனிதர் மேற்கொண்டு கேட்கவில்லை. உள்ளே திரும்பி மனைவியிடம், "ரோஹானா, நிறுத்து. கீழ தம்பிக்கு முக்கியமான வேலையாம்" என்றார்.

அதோடு விட்டாரா? ஃபிளாட் முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்தினார். படிக்கட்டில் ஓடிய பிள்ளைகளை யாரோ அதட்டி உட்காரவைத்தார்கள். வடிவம்மாள் நாற்காலியில் காலைத் தூக்கி மடக்கிக்கொண்டார்.

"நான் மூச்சு விடலாமா மாப்பிள்ளை?"

"விடலாம் அத்தை."

ஸ்கேனர் முனகி முனகி ஒருவழியாக ஓய்ந்தது. பொய்ப்புள்ளிகள் போய்விட்டன. மிச்சமிருந்த கிரெய்னை மென்பொருளை வைத்து மழுப்பினான். சுவர் சுத்தமானது, சேலை பளிச்சென்று வந்தது. கன்னத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. இன்னும் மழுப்பினான். புள்ளிகளோடு ஜெயலெட்சுமியும் போனாள். துணிக்கடை பொம்மை ஒன்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"இது யாரு?" என்றார் வடிவம்மாள். கை தன்னால் ஐசி படத்தைத் தேடியது.

வாசு மழுப்பியதையெல்லாம் ரத்து செய்துவிட்டு, பழைய படத்தையே வெறித்துப் பார்த்தான். பொய்யையும் உள்ளதையும் பிரிப்பது தொழிற்சாலையில் நாள் முழுக்க அவன் செய்கிற வேலைதான். கிரெய்னுக்கு ஆள் தெரியாது. விழுந்தால் சுவர், சேலை, முகம் என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் விழும். சுவரை விட்டுவிட்டு ஒருத்தியின் கன்னத்தையும் மூக்கையும் மட்டும் தேடிப் பிடித்து விழாது.

அப்படியானால் இது ஃபிலிமில் வந்ததில்லை. அவள் முகத்தில் இருந்தது.

நெகட்டிவ் துண்டை உருவி விளக்கில் பிடித்தான். இவ்வளவு நாளும் அந்த ஒரு படத்தைத் தவிர வேறு எதையும் அவன் பார்க்கவில்லை. அடுத்த கட்டத்தில் வேறொரு தலை இருந்தது. அதைத் தள்ளி ஸ்கேன் செய்தான்.

திரையில் வாசு வந்தான். தலை, மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. முறுக்குக்குச் சலித்து வைத்த மாவை யாரோ தட்டோடு கவிழ்த்தது போல.

போல என்ன, ஜெயலெட்சுமி கவிழ்த்தேவிட்டாள். இப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. முதலில் ஊதியவன் அவன். ஒரு பிடி மாவைக் கையில் வைத்து அவள் முகத்தில் ஊதினான். அவள் கண்ணை மூடிய நொடியில் படமெடுத்தான். கேமராவைப் பிடுங்கிக்கொண்டு அவள் பதிலுக்குச் செய்ததுதான் அடுத்த படம். அன்று முறுக்கு பாதிதான் சுட்டார்கள்.

வாசுவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வடிவம்மாள் பயந்து எழுந்துவிட்டார். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. சிரிப்பு பாதிவரை சிரிப்பாகவே இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. வடிவம்மாள் அவன் முதுகில் கைவைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"பாதி முறுக்குதான் அனுப்பிவிட்டா. மாவு பத்தலைன்னு என்கிட்ட பொய் சொல்லியிருக்கா, கழுத" என்றார். ஐசி படம் பைக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்துச் சுவரில் ஜெயலெட்சுமி மாலையோடு ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கன்னத்தைப் பார்த்து, இது என்ன என்று இழுக்கும்போதெல்லாம், "மாவு" என்று வடிவம்மாள் முந்திக்கொண்டு சொன்னார். சாப்பாட்டுக்கு வந்த சீனி முகம்மது படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"தம்பி, இந்தப் புள்ளிய எடுக்கத்தானே எங்களையெல்லாம் ஆடாம நிக்க வச்சீங்க?"

"ஆமாண்ணே."

"எடுக்கலையே."

"எடுக்கல."

அவர் படத்திலிருந்து திரும்பினார்.

"சரி, இடிக்கச் சொல்லலாம்லா? அன்னையிலேருந்து ரோஹானா உரலைத் தொடவே மாட்டேங்குறா. சம்பல் இல்லாம சோறு இறங்கல தம்பி."