பதினான்கு ஜன்னல்களில் வெளிச்சம்

1

"இறங்கினது இறங்கினதுதாம்மா, அதை நீ வந்து—"

"இறங்கலை மேடம், நின்னு மூச்சு வாங்குது, அவ்வளவுதான்—"

"மலையா ஏறுது, மூச்சு வாங்க? போன வருஷம் நீ சொன்ன விலை என்ன, இன்னிக்கு வந்து நிக்கற விலை என்ன? கால்வாசி போச்சு!"

"அதனாலதான் சொல்றேன், இதுக்குக் குடுக்காதீங்க. மூணே மாசம்—"

"மூணு மாசம், மூணு மாசம்னு நாலு தடவை சொல்லிட்டே. அதுவே ஒரு வருஷம் ஆயிடுச்சு!"

முதல் குரல் என் தங்கை. இரண்டாவது, அவள் வீட்டை விற்றுத்தர வந்திருக்கும் தரகர், நாற்பது வயதுப் பெண். தங்கை வீட்டுக்கு வந்திருந்த நான் பக்கத்து அறையில் தூங்குகிறவளைப்போல் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டேன். இந்தக் கதை அப்படிக் கிடைத்ததுதான். ஒட்டுக்கேட்டது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும். முகம், உடை, வெயில், மழை எல்லாம் பிறகு நான் பாடுபட்டு ஒட்டவைப்பவை. ஒட்டியது பல நேரம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். தங்கை இருப்பது பதினெட்டாம் மாடியில். பளிங்குத் தரை, நீச்சல் குளம், வாசலில் சலாம் வைக்கும் காவலர் என்று எல்லாம் உள்ள சொகுசுக் கட்டடம். அவள் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த மாடியில் மொத்தம் நான்கு வீடுகள். மூன்றில் ஆளே இல்லை. "லிஃப்ட்ல எதிர்ல யாராவது வந்தா சண்டையாவது போடலாம்க்கா, அதுக்கும் ஆளில்லை" என்பாள். என் தெருவில், என் வீட்டிலிருந்து மூன்றாவது வாசலில், தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருக்கிறது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். அந்த வீட்டுக்காரர் திங்கட்கிழமை வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். சண்டை நடந்தது சனிக்கிழமை காலை. ஒரு பல் மருத்துவர் தங்கையின் வீட்டைக் கேட்டிருக்கிறார், கால்வாசி விலையைக் குறைத்து.

அவள் என் தெருவுக்கு வருவாளா, மாட்டாளா? கதை இவ்வளவுதான்.

2

நான் முதலில் எழுத நினைத்தது கிண்டல் கதை. தொடங்கியும் பார்த்தேன்:

'வாயையே முதலாகப் போட்டு வியாபாரம் செய்த ஒரு பெண்மணி ஒரு நாள்—'

(அடித்துவிட்டேன். நானும் வாயை வைத்துத்தானே ஐம்பது வருடமாக எழுதுகிறேன்.)

'வீட்டு விலை பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வானத்தைக் காட்டிப் பேசிய—'

(இதுவும் வேண்டாம். தரகர்களைத் திட்ட ஊரே இருக்கிறது. என் பேனா எதற்கு?)

அந்தப் பெண்ணுக்குத் தங்கை வைத்த பெயர் 'ஏறுமுகம்'. எதைக் கேட்டாலும் "மார்க்கெட் ஏறுமுகம் மேடம்" என்பதால். விலை விழுந்தால் "அடித்தளம் போடுது". வாங்க ஒருவரும் வரவில்லையென்றால் "யோசிச்சுட்டு இருக்காங்க". வந்தவர் திரும்பிப் பார்க்காமல் ஓடினால் "அவருக்கு வசதி பத்தாது மேடம், நம்ம வீட்டுக்கு லாயக்கில்லை".

இவளைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் ஒரு இடத்தில் கதை முரண்டு பிடித்தது. விற்றால்தான் அவளுக்குத் தரகு. கால்வாசி குறைத்து விற்றாலும் கைக்கு வருவது வரும். பொய் சொல்கிறவளாக இருந்தால் "குடுத்துடுங்க மேடம், இதைவிட நல்ல விலை வராது" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? தன் வாய்க்கு வரும் சோற்றைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு "விற்காதீங்க" என்று மன்றாடுகிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தங்கையும் அதைத்தான் கேட்டாள். "ஏம்மா, உனக்குக் கமிஷன் வேண்டாமா?"

"வேணும் மேடம். ஆனா நாளைக்கு விலை ஏறினப்புறம் உங்க முகத்துல முழிக்கணுமே."

தங்கைக்கு மனது தடுமாறியது. மருத்துவர் ஞாயிறு மாலை கடைசியாக ஒரு தடவை பார்க்க வருகிறார்; பார்த்துவிட்டுப் போகட்டும், பதிலைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

3

(இங்கே ஒரு வர்ணனை. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் எனக்கு அவளைப் பிடித்துப்போனது இங்கேதான்.)

அந்தக் கட்டடத்தில் தங்கை வீட்டைத் தவிர இன்னும் ஒன்பது வீடுகள் ஏறுமுகத்தின் பொறுப்பில். கைப்பைக்குள் சாவிக்கொத்து அரைக்கிலோ தேறும். யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் நாலு மணி நேரம் முன்பே வந்துவிடுவாள். சண்டைக்கு முந்தின வாரம் ஒரு நாள் பொழுது போகாமல் நானும் கூடப் போனேன்.

முதலில் குளியலறை. யாரும் புழங்காத குளியலறையில் தரைக் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும். வற்றினால் சாக்கடை வாடை மேலே வந்துவிடும். ஒவ்வொரு குழியிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். குழாயைத் திறந்து செந்நிறத் தண்ணீர் தெளியும் வரை ஓடவிட்டாள். பால்கனியில் செத்துக் கிடந்த புறாவைக் காகிதத்தில் சுற்றி எடுத்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, தன்னுடையதாக ஒருநாளும் ஆகப்போகாத வீட்டைத் துடைத்தாள். கடைசியில் எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டாள்.

"பட்டப்பகல்லயா?"

"சாயங்காலம் வீடு வாங்கற பார்ட்டி வர்றாங்கம்மா. கீழேருந்து அண்ணாந்து பார்ப்பாங்க. மொத்தக் கட்டடமும் இருட்டா இருந்தா யாருக்குத்தான் வாங்க மனசு வரும்? என் ஒன்பது வீட்டுலயும் போட்டுடுவேன்."

"இது ஏமாத்து இல்லையா?"

"விருந்தாளி வர்றப்ப நீங்க மெத்தை விரிப்பை மாத்த மாட்டீங்களா?"

அடுத்த அறை விளக்கை நானே போட்டேன். [ஏமாற்றா, உபசாரமா என்று இன்னும் யோசிக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் சரி.]

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் சும்மா சொல்லலைம்மா. ஏறுமுகத்துக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு. இந்த ரெண்டு மாசமா எண்ணிட்டு வர்றேன். பத்தாம் மாடிக்கு மேல, உங்க தங்கச்சி வீட்டை விட்டுட்டு, பதினாலு வீட்டுல லைட் எரியுது. ஒன்பது என்னுது. மீதி அஞ்சு? குடி வந்துட்டாங்க! ஆள் வர ஆரம்பிச்சாச்சுன்னா விலை தன்னால வரும்."

நிபுணர்கள் அறிக்கை படிக்கிறார்கள். இவள் கழுத்து வலிக்க ஜன்னல் எண்ணினாள். எனக்கு அது பிடித்திருந்தது.

4

ஞாயிறு மாலை. இந்தப் பகுதியில் நான் இல்லை. ஏறுமுகம் பிறகு சொன்ன நாலு வாக்கியத்தை வைத்து நான் கட்டியது. பதினைந்தாம் மாடி நடைபாதை. ஒரு வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறார் ஒருவர், கழுத்தில் டை, கையில் ஒரு சாவிக்கொத்து. மருத்துவர் வருமுன் தன் வீடுகளில் விளக்குப் போடப் போன ஏறுமுகத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"வணக்கம் சார்! புதுசா குடி வந்திருக்கீங்களா?"

"நானா? இல்லைங்க, லைட் போட வந்தேன்."

"...லைட் போடவா?"

"நானும் புரோக்கர்தாங்க. பார்ட்டி வர்றாங்க, இருட்டா இருந்தா பிடிக்காதுல்ல? என்கிட்ட அஞ்சு சாவி. ஆனா இந்த பில்டிங் பரவாயில்லைங்க, நல்லா நிரம்பிட்டு வருது. பத்தாம் மாடிக்கு மேல, அந்தப் பதினெட்டாம் மாடி அம்மா வீட்டை விட்டுட்டு, நான் போடாமலே ஒன்பது வீட்டுல எரியுது, தெரியுமா?"

[அவருடைய முகத்தை நான் எழுதவில்லை. தன் ஆதாரம் சாவிக்கொத்தோடு எதிரே நிற்பது தெரியாமல் அவர் சிரித்துக்கொண்டிருந்திருப்பார். அவரிடம் இவள் உண்மையைச் சொன்னாளா என்று கேட்டேன். "பாவம், எதுக்கும்மா" என்றாள்.]

5

இந்தப் பகுதியில் நான் இருந்தேன். கூடத்திலேயே, கண்ணைத் திறந்துகொண்டு.

"மேடம், குடுத்துடுங்க."

"என்னத்தை?"

"வீட்டைத்தான். டாக்டர் கேட்ட விலைக்கே."

"நேத்து தலைகீழா நின்னியேம்மா, குடுக்காதே குடுக்காதேன்னு!"

"நேத்து எனக்குத் தெரியாது."

சொன்னாள். எதையும் மென்று விழுங்காமல், ஒன்பதையும் ஐந்தையும் கூட்டிக் காட்டி. "புதுசா ஒருத்தரும் வரலை மேடம். அவர் லைட்டைப் பார்த்து நான் நம்பினேன், என் லைட்டைப் பார்த்து அவர் நம்பினார். விலை இன்னும் இறங்கும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு எதுவுமே தெரியலை."

தங்கை வாயைத் திறந்தாள். ஒரு வருடத்துத் திட்டு அவளிடம் சேர்ந்திருந்தது எனக்குத் தெரியும். ஆனால் வந்தது: "உக்காரு. முதல்ல தண்ணி குடி."

நம்பியது தப்பு என்று தெரிந்த பத்தாவது நிமிடத்தில், யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால், லிஃப்டில் ஏறி வந்து சொன்னவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானாக இருந்தால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, நல்ல வாக்கியமாகத் தேடியிருப்பேன்.

6

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மருத்துவர் வாங்குகிறார், தங்கை என் தெருவுக்கு வந்து, தினம் என்னோடு— (எனக்கு வேண்டியதை நானே எழுதிக்கொள்கிறேன். இது கதையில்லை, ஆசை.)

இரண்டு: மருத்துவர் மறுக்கிறார். தங்கை பதினெட்டாம் மாடியிலேயே— (கை ஓடவில்லை.)

மூன்று: விலை நிஜமாகவே ஏறிவிடுகிறது. (நீங்கள் சிரிப்பீர்கள்.)

ஆகவே நடந்ததை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன். வாசல் மணி அடித்தது. மருத்துவர் முப்பத்தைந்து வயதுப் பெண்; பத்து வருடம் பிறர் கிளினிக்கில் நின்று சேர்த்த பணத்தில் முதல் வீடு வாங்க வந்திருக்கிறாள். அறை அறையாகப் பார்த்தாள். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினாள். தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவர் நேராக ஏறுமுகத்திடம் வந்தாள். அவள் கேட்ட கேள்விக்கு ஒரு வருடமாக ஏறுமுகத்தின் வாயில் ஒரே பதில்தான்: 'மார்க்கெட் ஏறுமுகம்'. நேற்று வரை அது நம்பிக்கை. இன்று அதே வாக்கியம், அதே சொற்கள், முதல் தடவையாகப் பொய். உண்மையைச் சொன்னாலோ, மூன்றாவது வாசல் வீடு நாளையோடு போச்சு. ஏறுமுகம் தங்கையைப் பார்த்தாள். தங்கை என்னைப் பார்த்தாள். என் பதில் எது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஏறுமுகத்தின் பதிலை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பயமுறுத்தறாங்க. உங்க பேச்சைத்தான் நான் நம்பறேன், மனசுல பட்டதைச் சொல்லுங்க அக்கா, விலை இன்னும் இறங்குமா?"