இரண்டாவது முதலை

கணக்குப் பார்க்க வந்த கதிர்காமநாதன் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். துடைத்து மாட்டியதும் கட்டாயம் ஒரு கேள்வி வரும்.

"உங்கட மிருகக்காட்சிச்சாலைச் சங்கத்திலை ஆரும் சம்பளம் எடுக்கிறேல்லையோ?" என்று வந்த அன்றே கேட்டார்.

"மிருகங்களைப் பார்க்கிற ஏரம்பு மட்டும்தான் எடுக்கிறவர், ஐயா."

"அப்ப நீங்கள் ஏன் ரீச்சர் இந்தக் கரைச்சலைத் தலையிலை போட்டுக்கொண்டியள்?"

காசு வாங்காமல் வேலை செய்கிறவள் வேறெங்கோ கை வைக்கிறாள் என்பதுதான் அந்த மனிதரின் எண்ணம். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அவரோ சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

எங்கள் குடியேற்றம் வன்னிக் காட்டில், மல்லாவிக்கு அப்பால் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள் நாங்கள். கிணற்றடியில் துலா மிதித்து அள்ளிக் குளித்துப் பழகிய சனத்துக்குக் குளத்தைக் கண்டாலே நடுக்கம். அதற்கேற்றாற்போல் அந்தக் குளத்தில் இரண்டு முதலைகள் கிடந்தன. ஒரு மனுசனின் காலை அவை எடுத்த பிறகு, சுட்டுத் தள்ளத்தான் எல்லாரும் துவக்கோடு நின்றார்கள். மருந்துசாலையிலிருந்து இளைப்பாறிய நடராசா டொக்டர்தான் மறித்தார். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் தாயிழந்த மான்குட்டிகளையும் ஒரு கரடிக்குட்டியையும் அவர் ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருந்தார். முதலைகளையும் பிடிப்பித்து, குளத்தின் ஒரு மூலையைப் பாலைக் கட்டைகளாலும் கம்பி வலையாலும் அடைப்பித்து, உள்ளே விட்டார். அப்படித்தான் எங்கள் மிருகக்காட்சிச்சாலை உண்டானது.

வீட்டுக்கு வீடு போகத்துக்கு ஒரு புசல் நெல் தருவார்கள். மானில் உள்ள ஆசையில் யாரும் தரவில்லை. முதலை உள்ளே இருந்தால் பெண்டு பிள்ளைகள் பயமில்லாமல் குளிக்கலாம், அதற்குத்தான் அந்த நெல். டொக்டர் கண்ணை மூடியபின் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கொழும்பிலுள்ள ஒரு தரும நிதியம் உதவி தருகிறோம், முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று அறுபத்திரண்டாம் ஆண்டு தை மாதத்தில் இந்த மனிதரை அனுப்பியது.

நான் ஒரு சதம் தொட்டவளல்ல. ஆனாலும் பயந்தேன். புருசனை இழந்து, ஒன்பது வயதுப் பெண் பிள்ளையோடு தனியே இருக்கிறவள் நான். ஜெகதீஸ்வரி ரீச்சர் கள்ளி என்று ஒரு வாய் சொன்னால் போதும், அந்த ஊரில் எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, வீடும் இல்லை.

கடைசி நாள் பின்னேரம் ஐயா கண்ணாடியைத் துடைத்தார்.

"மீன் செலவு கூடவாய்க் கிடக்கு, ரீச்சர்."

"நாயாற்றிலையிருந்து இராயப்பு எண்டவர் விலைப்படாத மீனைப் பஸ்ஸிலை ஏத்தி விடுறவர். ரெண்டு முதலையெல்லோ, ஐயா."

"ரெண்டையும் பார்ப்பமே," என்றார்.

புறப்படும்போது மகள் பத்மாசனியும் வரப்போகிறேன் என்று காலைக் கட்டிக்கொண்டாள். இந்த மனிதர் பிள்ளைக்கு முன்னால் என்னை என்ன கேட்பாரோ என்று பயந்து, ஏரம்புவின் பெண்சாதி இலட்சுமியோடு அவளை அனுப்பிவிட்டேன். இலட்சுமி அவளைத் தன் பிள்ளை மாதிரிப் பார்ப்பவள்.

மான்களை எண்ணினார், சரியாக இருந்தது. கரடியைத் தள்ளி நின்று பார்த்தார். முதலை அடைப்புக்கு வந்தோம். மாரி வெள்ளத்தில் குளம் நிரம்பி, வேலியின் மேல் அரைவாசிதான் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. ஏரம்பு ஒரு கடகப்பெட்டி மீனைக் கொட்டினார். கலங்கல் தண்ணீர் பிளந்து ஒரு முதலை வந்தது. அவசரமே இல்லாமல் முழு மீனையும் அதுவே தின்றது. மற்றது வரவில்லை.

"அடியிலை கிடக்கும், ஐயா," என்றார் ஏரம்பு.

காத்து நின்றோம். ஏரம்பு இன்னொரு கடகம் கொட்டினார். அதையும் அந்த ஒன்றே தின்றது.

"ஒரு முதலைக்கு ரெண்டு முதலையின்ரை சாப்பாடு," என்றார் ஐயா. குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. ஒரு கிழமையாகத் தேடியது கிடைத்துவிட்ட சந்தோசம். "மற்றது எப்ப செத்தது, ரீச்சர்? இல்லாட்டி முந்தியும் ஒண்டுதானோ?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ரெண்டு இருக்கு. ஊரையே கேளுங்கோ," என்றேன். "நான் பொய்க்கணக்கு எழுதிறவள் இல்லை."

"கோவிக்காதைங்கோ. இருந்தால் காட்டுங்கோ." வேலியைக் கையால் ஆட்டிப் பார்த்தார். "ஆர் கட்டின வேலி? எங்கட ஆக்கள்தானே? அப்ப எங்கையாவது ஒரு பொட்டு வைச்சிருப்பாங்கள்."

பகிடியாகத்தான் சொன்னார். யாழ்ப்பாணத்து வேலியில் பொட்டு இல்லாமல் இராது. பக்கத்து வீட்டுக்குப் போய்வர, நெருப்பு வாங்க, கதைக்க, குனிந்து நுழைய ஒரு சின்ன வழி. வேலிச் சண்டையில் வழக்கென்று கோடு வரை போன குடும்பங்கள்கூடப் பொட்டை அடைக்கமாட்டார்கள். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. ஏரம்புவின் முகத்தைக் கண்டேன், சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன ஏரம்பு?"

அவர் வேலியின் தூர மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கோடையிலை குளம் வத்தினது தெரியும்தானே, ரீச்சர். அதுகள் ரெண்டும் இந்தப் பக்கம் சேத்துக்குள்ளை புதைஞ்சு செத்த மாதிரிக் கிடந்ததுகள். தண்ணிக்குச் சுத்திப் போறது தூரமெண்டு இலட்சுமி அந்த மூலையிலை கம்பியைக் கழட்டி ஒரு பொட்டு வைச்சவள். குடத்தோடை குனிஞ்சு போய்வருவாள்."

"பிறகு அடைக்கேல்லையோ?"

"தென்னோலைக் கிடுகு ஒண்டாலை மறைச்சுக் கட்டினவள். அதுக்குள்ளை மழை வந்திட்டுது." அவர் குரல் இறங்கியது. "கிடுகு இப்ப உக்கிப் போயிருக்கும்."

போன கிழமை எங்கள் அயலில் அருந்ததி வீட்டு நாய் குளத்தடியில் காணாமல் போனது. சிறுத்தை என்று எல்லாரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

"இலட்சுமி எங்கை?" என்றேன். கேட்கும்போதே மறுமொழி தெரிந்துவிட்டது.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குளிக்கப் போயிட்டாள்."

ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. வாழ்க்கையில் நான் அப்படி ஒரு வேண்டுதல் செய்ததில்லை. பிள்ளையாரே, நான் கள்ளியாக இருந்துவிட்டுப் போகிறேன். இரண்டாவது முதலை எப்போதோ செத்துப்போயிருக்கட்டும், அதன் மீனை நான் விற்றுத் தின்றதாகவே இருக்கட்டும். இந்த மனிதர் என்னைப் பொலிசில் பிடித்துக் கொடுக்கட்டும். என் கணக்கு மட்டும் சரியாக இருந்துவிடக் கூடாது.

அணைக்கட்டு வளைவில் ஏரம்பு என் கையை எட்டிப் பிடித்தார். "கத்தாதைங்கோ, ரீச்சர். பிள்ளை பயந்து தண்ணியிலை அடிச்சால் அது வரும்."

கீழே படித்துறையில் இலட்சுமி முதுகைக் காட்டியபடி கல்லில் உடுப்பை அடித்துத் தோய்த்துக்கொண்டிருந்தாள். பத்மாசனி குடத்தைக் கவிழ்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீருக்கும் அப்பால் மிதந்துகொண்டிருந்தாள். அவளைச் சுற்றித் தண்ணீர் சும்மா கிடந்தது. அந்தச் சும்மாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வகுப்பில் பிள்ளைகளைக் கூப்பிடும் குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தேன்.

"பத்மா, கரைக்கு வாங்கோ."

"இன்னும் கொஞ்சம், அம்மா."

"மிட்டாய் வந்திருக்கு. ஆறுதலாய் வாங்கோ. காலை அடிக்காமல், மெல்ல."

இலட்சுமி திரும்பினாள். புருசனின் முகத்தைப் பார்த்தாள், தூரத்தில் வேலி மூலையைப் பார்த்தாள். அவளுக்கு எவரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. தோய்த்த துணியைக் கல்லிலேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிக் கையை நீட்டினாள். நான் அவளை மனதுக்குள் சபித்துக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் நின்றேன்.

"என்ன மிட்டாய்?" என்று கேட்டபடி பிள்ளை வந்தாள். வழியில் நின்று குடத்தைச் சுழற்றி விளையாடினாள். "குடத்தை விடு, பிள்ளை," என்றாள் இலட்சுமி, மிக மெதுவாக. பிள்ளை குடத்தை விட்டாள். இலட்சுமியின் கை அவள் கையைப் பிடித்தது. இருவரும் படியேறி வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. பிள்ளையை அள்ளி எடுத்து அணைக்கட்டின் உச்சிக்கே ஏறிவிட்டேன்.

"மிட்டாய் எங்கை, அம்மா?"

குடம் தனியே மிதந்து நடுக்குளத்துப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஆறடி இந்தப் பக்கம், சற்று முன் பிள்ளை விளையாடிய இடத்தில், தண்ணீர் மட்டத்தில் இரண்டு முண்டுகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு நீண்ட கறுப்பு முதுகு மெல்ல எழுந்தது. இலட்சுமி ஏரம்புவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

கதிர்காமநாதன் ஐயா அப்போதுதான் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார். குளத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே திரும்ப மாட்டினார்.

"ரெண்டு," என்றார். பிறகு, பழக்கதோசமோ என்னவோ, "உங்கட கணக்குச் சரி, ரீச்சர்," என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் ஒரு கிழமையாக நித்திரையில்லாமல் கிடந்தேன். கேட்டதும் பிள்ளையின் ஈரத் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, அந்த மனிதருக்கு முன்னாலேயே நிலத்தில் குந்தி ஓவென்று அழுதேன்.