சிரிக்கிற முகத்தைத் தொட்டவள்

ஸ்கேன் படத்தில் டாக்டர் விரல் வைத்த இடம் எனக்கு வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது.

"குடல்வால் வெடிச்சிருச்சும்மா. இன்னைக்கு இல்ல, ரெண்டு மூணு நாள் ஆயிருக்கும். புள்ள துடிச்சிருக்குமே, ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரல?"

"துடிக்கவே இல்லையே டாக்டர்."

இவள் பொய் சொல்கிறாளா, இல்லை வீட்டிலேயே இருப்பதில்லையா என்று எடைபோடுகிற மாதிரி அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது நிஜம். வகுப்பில் வாந்தி எடுத்தாள் என்று டீச்சர் போன் செய்கிற வரை பெரியவள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனாள். வீட்டுப்பாடம் எழுதினாள். கொஞ்சம் குனிந்து நடந்தாள். பை கனக்கிறது போல என்று நினைத்து, "நிமிர்ந்து நடடி, கூன் விழுந்துடும்" என்றேன். நிமிர்ந்தாள். உள்ளே வெடித்துக் கிடந்த வயிற்றோடு, நான் சொன்னேன் என்பதற்காக, தெருமுனை வரை நிமிர்ந்தே நடந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு எட்டு வயது. தம்பி பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் அவள் "பெரியவ". சின்னவன் கத்திக் காரியம் சாதிப்பான். இவள் கேட்கவே மாட்டாள். நாத்தனார் வரும்போதெல்லாம், "உனக்கென்ன அண்ணி, பொண்ணு இருக்கிற இடமே தெரியல" என்பாள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

டாக்டர் சொன்ன அடுத்த விஷயம் இன்னும் தூக்கிவாரிப்போட்டது. இப்போது அறுக்கப்போவதில்லையாம்.

"வெடிச்சதை உள்ளேயே வச்சுக்கிட்டு உக்காருன்னா எப்படி டாக்டர்?" என்றார் என் கணவர். "பட்டாசா, வெடிச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு விட்டுட்டுப் போக?"

டாக்டர் கோபப்படவில்லை. "சீழைச் சுத்தி உடம்பே ஒரு சுவர் கட்டியிருக்கு சார். குடலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கு. இப்பக் கத்தி வச்சா நல்ல குடலும் கிழிஞ்சிடலாம். ஒரு குழாய் போட்டு சீழை வடிப்போம், மருந்து ஏத்துவோம். எல்லாம் ஆறின பிறகு, சில வாரம் கழிச்சு குடல்வாலை எடுத்துக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணும்மா. வலி கூடிச்சுன்னா இந்தத் திட்டம் சரிவரலைன்னு அர்த்தம். அப்ப உடனே திறந்தாகணும். ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் எல்லாம் பார்ப்போம். இருந்தாலும் முதல்ல சொல்ல வேண்டியவ அவதான்."

இதைவிடச் சுலபமான நிபந்தனை இருக்க முடியுமா என்றுதான் அப்போது தோன்றியது.

குழாய் போட்டார்கள். பெரியவளின் வலது இடுப்பிலிருந்து கிளம்பிய குழாய், கட்டிலோரம் தொங்கிய பையில் போய் முடிந்தது. நர்ஸ் ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். அதில் வரிசையாக முகங்கள். ஒரு கோடியில் வாய் நிறையச் சிரிப்பு, மறுகோடியில் கண்ணீர்.

"சிரிக்குதே, அதுக்கு வலியே இல்ல. கடைசில அழுவுதே, அதுக்குத் தாங்கவே முடியல. உன் மூஞ்சி எதுடா கண்ணு?"

பெரியவள் அட்டையைப் பார்த்தாள். நர்ஸைப் பார்த்தாள். என்னையும் ஒரு தரம் பார்த்தாள். சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்து முகத்தைத் தொட்டாள். அடுத்த வேளை, சிரிக்கிற முகத்தையே.

"வெரி குட்! சமத்து!" நர்ஸ் அவள் புறங்கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டினார்.

பக்கத்துக் கட்டிலில் கால் எலும்பு முறிந்த பையன். ஊசி வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டாலே தொண்டை கிழியக் கத்துவான். அவன் அம்மா என்னிடம், "உங்க பொண்ணு தங்கம்ங்க. நான் பெத்ததும் இருக்கே, தகரம். தொடாமலே சத்தம் போடுது" என்றாள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மகள் சாகக் கிடக்கிற இடத்திலும் மனசு தன் தீனியைத் தேடிக்கொள்கிறது.

மறுநாள் லேசாகக் காய்ச்சல் அடித்தது. "வலி இல்லைங்கிறாளே, பார்ப்போம்" என்றார் டாக்டர். அதற்கடுத்த காலை நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பு சிக்கில் மாட்டியதும் உடம்பு லேசாக அசைந்தது. முகத்தில் ஒன்றுமில்லை. சிரித்தபடிதான் இருந்தாள். போர்வை விலகியிருந்ததால் கால்களைப் பார்த்தேன். பத்து விரல்களும் உள்ளங்கால் பக்கம் மடங்கி, ரத்தம் வற்றி வெளுத்திருந்தன.

"என்னடி பண்ணுது?"

"ஒண்ணும் இல்லம்மா."

சீப்பைக் கீழே வைத்தேன். "காலையில சிஸ்டர் கேட்டப்ப எந்த மூஞ்சியத் தொட்டே?"

"சிரிக்கிறதை."

"ஏன்?"

"அதாம்மா சரி." பாடம் தெரியாதவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "அதைத் தொட்டாத்தான் ஸ்டார். அந்த அண்ணா அழுவுறதைத் தொட்டான். அவனுக்குத் தரல."

அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். கேள்வி என்னவென்று அவளுக்கு அக்கறையே இல்லை. எந்தப் பதிலுக்குப் பெரியவர்களின் முகம் மலரும் என்று மட்டும் பார்த்திருக்கிறாள். எங்கே படித்தாள் இதை? ஆஸ்பத்திரியிலா?

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். "மூஞ்சியப் பார்க்காதீங்க. காலைப் பாருங்க."

அவர் வயிற்றில் மெதுவாகக் கை வைத்தார். "வலிக்குதா?" "இல்ல டாக்டர்." கால்விரல்கள் சுருண்டன. கையைச் சட்டென்று எடுத்தார். அவள் முழங்கால்களே துள்ளி மடங்கின. "இல்ல டாக்டர்" என்றாள் மறுபடியும், மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நானும் மூஞ்சியத்தாம்மா பார்த்துட்டிருந்தேன்" என்றார்.

குழாய்க்கு எட்டாத இடத்தில், ஈரலுக்குக் கீழே சீழ் பரவியிருப்பதாக ஸ்கேன் காட்டியது. இனிக் காத்திருக்க முடியாது என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை கட்டிலோடு நடந்தேன். "சமத்தா இருக்கணும்" என்று யாரோ அவளிடம் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன். என் கணவர். அவர் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் உடுப்பின் மார்புப் பக்கம் நனைந்திருந்தது. குடல்வாலை எடுத்துவிட்டோம், உள்ளே எல்லா இடமும் கழுவிவிட்டோம் என்றார். "ஆனா மறுபடி எங்கேயாவது சீழ் கட்டலாம். இனிமே அவ மறைச்சா அவளுக்கே ஆபத்தும்மா."

மதியம் அவள் கண் விழித்தாள். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. தன்னைத்தானே காவல் காக்க முடியாத அந்த நேரத்தில், அவளுக்குள்ளிருந்து ஒரு அலறல் வந்தது. "அம்மா! வலிக்குது!" நான் அவளிடம் கேட்டே இராத குரல். வார்டு முழுக்கத் திரும்பியது. பக்கத்துக் கட்டில் பையன்கூட வாயைப் பிளந்தான்.

"ஷ்ஷ்" என்றேன்.

நான்தான் சொன்னேன். நினைக்கும் முன்பே என் வாய் சொல்லிவிட்டது. தண்ணீர்க் குழாயை மூடியதுபோல அவள் சத்தம் நின்றது. உதடு இழுத்துக்கொண்டு அந்தப் பழைய சிரிப்பு திரும்பி வர ஆரம்பித்தது.

"இல்லடி, இல்ல. கத்து. தப்பா சொல்லிட்டேன், நீ கத்து." அவள் குழம்பிப்போய் என்னையே பார்த்தாள். இதில் எது சரி என்று என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் வேகமாக வந்தார். "யாரு கத்தினது?"

பெரியவளின் கண்கள் நர்ஸிடம் போய், உடனே என்னிடம் திரும்பின. நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது? எந்த முகத்தைக் காட்டினாலும் அதைப் படித்துத்தான் பதில் சொல்வாள். அவள் கையை விடாமல், முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். சுண்ணாம்பு உரிந்திருந்தது. அவள் விரல்கள் என் உள்ளங்கைக்குள் இறுகின.

"நான்தான்" என்றது முதுகுக்குப் பின்னால் அவள் குரல். "ரொம்ப வலிக்குது."