பதினொன்று இரண்டுக்கு வந்து நின்ற கார்

அன்று காருக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: முன்னாள் ஸ்டேசன் மாஸ்ரர் விநாயகமூர்த்தி, அவர் மனைவி யோகமலர், காரை ஓட்டிய மகன் வாகீசன். வெளியே நின்றவர்களும் மூன்று பேர்: அஜக்ஸ் நகரத்து வீட்டுக்காரர் இராஜரட்ணம், அவர் மனைவி திலகேஸ்வரி, மாப்பிள்ளையாகப் பேசப்பட்ட மகன் பிரசாந். ஏழாவதாக ஒரு குருவிகூட அங்கே இருக்கவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக் குளிரில் குருவியும் வெளிக்கிட்டிருக்காது. இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. மார்க்கம் நகரத்தில் இருந்துகொண்டு பலர் இந்தக் கதையை நேரில் கண்டதுபோலச் சொல்லித் திரிகிறார்கள்.

போனது மகள் மயூரியின் கலியாணத்தைப் பேசி முற்றாக்க. நாலு படங்களைத் திருப்பி அனுப்பிய மயூரி, பிரசாந்தின் படத்தை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். சாதகமும் பொருந்தியாயிற்று. பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் இடையில் பெண்ணின் தகப்பன் அந்த வீட்டு வாசலில் வலது காலை வைக்க வேண்டும் என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். நேரத்தைப் பற்றி விநாயகமூர்த்திக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இருபத்தெட்டு வருடம் பச்சைக்கொடி காட்டியவர்.

அவரை உறுத்தியது காரின் கோலம்தான். பனி உருகவென்று தெருவில் கொட்டிய உப்பெல்லாம் அதன்மேல் பூத்திருந்தது. காலையில் தாங்கள் குடியிருந்த ஸ்காபரோ தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் வாளியும் வெந்நீருமாக இறங்கிவிட்டார்.

"அப்பா, வெளியில மைனஸ் இருபத்திநாலு," என்றான் வாகீசன். "கழுவினா கதவு ரப்பரைத் துடைச்சு வசிலின் பூசோணும். இல்லாட்டி தண்ணி உறைஞ்சு ஒட்டிப் பிடிச்சிடும்."

"கதவுக்கு வசிலினோ? ஏன், உதடு வெடிச்சுப்போய் நிக்குதோ?"

"பகிடி இல்லை அப்பா, உண்மையாச் சொல்லுறன்."

"உப்புப் பூத்த காரில போய் இறங்கினா, கருவாட்டு வான் வந்து நிக்குது எண்டுதான் நினைப்பினம். வாளியைப் பிடி."

நாலு கதவுகளும் பளபளத்தன. பின்பக்கம் மட்டும் மிஞ்சியது. அது மேலே தூக்கித் திறக்கும் டிக்கி. அதற்குள் யோகமலர் பலகாரத் தட்டை வைத்துவிட்டு மறித்து நின்றாள். "இஞ்சருங்கோ, என்ரை பயித்தம் பணியாரத்துக்கு மேல தண்ணி ஊத்தினா நான் வரமாட்டன்."

வேறு வழியில்லாமல், சம்பந்தி வீட்டில் காரின் முன்பக்கம் வாசலைப் பார்க்க நிறுத்தும்படி மகனுக்குக் கட்டளையிட்டார். உப்புப் பிடித்த பின்பக்கம் தெருவைப் பார்க்கட்டும்.

பதினொன்று இரண்டுக்குக் கார் வந்து நின்றது. வாசலில் மூவரும் காத்திருந்தார்கள். இராஜரட்ணத்தின் தோளில் கரை போட்ட சால்வை. விநாயகமூர்த்தி கதவின் பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. மற்ற மூன்றும் அப்படியே. கண்ணாடி இறக்கும் பிடியும் சுழல மறுத்தது.

வாகீசன் தோளால் இடித்தான்.

"இடியாதை! பார்த்துக்கொண்டு நிக்கினம், கார் ஆடுது."

"அப்ப ஹோர்ன் அடிக்கட்டே?"

"சம்பந்தி வீட்டு வாசலில ஹோர்ன் அடிக்க நீ ஆர், ஐஸ்கிறீம்காரனோ?"

நிமிர்ந்து உட்கார்ந்து, முன்கண்ணாடி ஊடாகக் கும்பிட்டார். அவர்களும் கும்பிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கும்பிட்டார். அவர்களும் கும்பிட்டார்கள். மூன்றாம் முறை கும்பிட்டபோது பதில் வரவில்லை.

இராஜரட்ணம் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். திலகேஸ்வரி அவர் காதுக்குள் ஏதோ சொன்னாள்.

"வீடு பிடிக்காமல்தான் நாங்கள் இறங்காமல் இருக்கிறம் எண்டு நினைக்கினம்," என்றாள் யோகமலர்.

"இந்த வீட்டுக்கு என்ன குறை?"

"எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியுமே?"

இராஜரட்ணம் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடிக்கத் தொடங்கினார். பிரசாந் தலையைக் குனிந்துகொண்டான். மணி பதினொன்று பதினேழு. மயூரியின் கைப்பைக்குள் இருந்த படம் விநாயகமூர்த்தியின் நினைவுக்கு வந்தது.

"டிக்கி கழுவேல்லை," என்றான் வாகீசன் மெதுவாக.

"அதுக்கு?"

"அது திறக்கும். நீங்கள்தான் போகோணும் அப்பா. வலது கால் உங்கடதானே."

வாகீசன் சீற்றுக்குக் கீழிருந்த கொழுக்கியை இழுத்தான். பின்னால் டிக்கி வாயைத் திறந்தது. ஸ்டேசன் மாஸ்ரர் இரண்டு முன்சீற்றுகளுக்கும் நடுவால் புகுந்து, யோகமலரின் தோளில் கை ஊன்றி, பின்சீற்றின் முதுகில் ஏறினார்.

"தட்டை மிதியாதையுங்கோ!"

வேட்டி ஒரு சாணுக்குமேல் உயரவில்லை. உயர்ந்திருந்தாலும் உள்ளே கம்பளிக் காற்சட்டை இருந்தது.

இராஜரட்ணம் சறுக்கிச் சறுக்கி ஓடிவந்தபோது, பெண்ணின் தகப்பன் டிக்கிக்குள் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணை! என்ன இது?"

"கதவுகள் உறைஞ்சு போச்சு," என்றார் விநாயகமூர்த்தி. "வீடு நல்ல வீடு."

இராஜரட்ணம் தோள் கொடுத்து இறக்கினார். டிக்கி விளிம்பில் உரசிய கறுத்தக் கோட்டின் முன்பக்கம் முழுவதும் உப்பு.

"இந்தக் குளிருக்க காரைக் கழுவினனீங்களோ?"

"உங்கட வீட்டுக்கு எண்டுதான் கழுவினது."

இராஜரட்ணம் மடித்த சால்வையை உதறி எடுத்து, சம்பந்தியின் கோட்டிலிருந்த உப்பைத் தட்டிவிட்டு, அதை அவர் தோளிலேயே போர்த்தினார். பதினொன்று இருபத்தாறுக்கு வலது கால் வாசலில் பட்டது.

பட்டுச் சேலையோடு டிக்கியால் வருவதற்கு யோகமலர் சம்மதிக்கவில்லை. திலகேஸ்வரி நீண்ட வயரோடு தலைமயிர் உலர்த்தும் மெசினைக் கொண்டுவந்து கதவு ஓரத்தில் பிடித்தாள். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருந்து பெண்கள் கைப்பாஷையில் கதைத்தார்கள். திலகேஸ்வரி எட்டு விரல் காட்ட, யோகமலர் ஓம் என்று தலையாட்டினாள். கதவு திறந்தபோது, கலியாணம் எட்டாம் மாதத்தில் என்று முடிவாகியிருந்தது. உள்ளே ஆண்கள் அப்போதுதான் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெண்ணின் தகப்பனை டிக்கிக்குள் போட்டுத்தான் அஜக்ஸுக்குக் கொண்டுபோனார்கள் என்று மார்க்கத்தில் சொல்கிறார்கள். அது பொய். போகும்போது அவர் முன்சீற்றில் இருந்தார். டிக்கியால் இறங்கியது மட்டுமே உண்மை.