கேலரி நிறைந்த ஒரே ஞாயிறு

செம்மலை எஃப்.சி. என்ற கால்பந்து அணிக்கு டிக்கெட் விற்கும் பொறுப்பு அன்புச்செல்விக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. சொந்த ஊர் அடி அண்ணாமலை. கல்லூரியில் படித்த காலத்தில் மாவட்டப் பெண்கள் அணிக்காக நான்கு வருடம் ஆடியிருக்கிறாள். அந்த நான்கு வருடத்தில் அவள் ஆடிய எந்த ஆட்டத்தையும் இருபது பேருக்கு மேல் பார்த்ததில்லை. அந்த இருபது பேரிலும் பாதி, அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்த அணிக்காரிகள். நிறைந்த கேலரிக்கு முன்னால் ஓடினால் எப்படி இருக்கும் என்று அப்போது நிறைய நினைத்திருக்கிறாள். ஆட முடியாது என்றான பிறகு, அப்படி ஒரு கேலரியைப் பார்த்தால் போதும் என்று தோன்றியது.

அணியின் முதலாளி கண்ணாயிரம் திருவண்ணாமலையில் பிறந்து, சென்னைக்குப் போய் அடுக்குமாடி கட்டி விற்று மேலே வந்தவர். சொந்த ஊர்ப் பெயரில் மாநில லீக்கில் ஓர் இடம் வாங்கினார். வேங்கிக்கால் தாண்டி வெட்டவெளியில் மைதானம் போட்டு, நாலாயிரம் பேர் உட்காரத் தகரக் கூரையுடன் கேலரி கட்டினார். முதல் ஆட்டத்துக்கு நூற்றெண்பது பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு நூற்றிருபது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் போனில் கேட்டார்.

"ஒரு பௌர்ணமிக்கு எத்தினி லட்சம் பேர் வர்றான் நம்ம ஊருக்கு? அதுல நாலாயிரம் பேர உக்கார வெக்க முடியலயா உன்னால?"

"அவங்க சாமி கும்பிட வர்றாங்க சார். பதினாலு கிலோமீட்டர் நடந்துட்டு, கால் வீங்கிப் போய் பஸ் ஏறுறாங்க. அவங்க எங்க சார் மேட்சு பாக்கறது? ஊருக்காரங்களுக்கு அன்னிக்குதான் வியாபாரமே. டீக்கடைலேர்ந்து ஆட்டோ வரைக்கும் ஒருத்தரும் அசைய மாட்டாங்க. பஸ்ஸையும் வெளியவே நிறுத்திடறாங்க."

"பௌர்ணமி இல்லாத ஞாயித்துக்கெழம?"

"ஞாயித்துக்கெழம எல்லாமே இப்ப அப்படித்தான் சார் ஆயிடுச்சு. ஊரே வர்றவங்களுக்கு சேவகம் பண்ணிட்டு இருக்குது. புதன், வியாழன்னு வெச்சா கொஞ்சம் வருவாங்க."

"டிவிக்காரன் ஞாயிறுதான் கேக்கறான்" என்று சொல்லி அவர் வைத்துவிடுவார்.

அன்புச்செல்வி கடை கடையாக ஏறினாள். லாட்ஜுகளில் சுவரொட்டி ஒட்டக் கெஞ்சினாள். கீழ்பென்னாத்தூர் வரை போனாள். அங்கே ஆட்டம் முடிந்து திரும்ப பஸ் இல்லை என்றார்கள். அது உண்மைதான். ஆனால் உண்மையான காரணத்தை மத்தலாங்குளம் பக்கம் டீக்கடை வைத்திருந்த ஒருவர்தான் சொன்னார்.

"ஏம்மா, டீம்ல நம்ம ஊரு ஆளு யாரு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். இருபத்துநாலு பேரில் ஒருவன்கூட இல்லை. கேரளத்திலிருந்து ஆறு பேர், மணிப்பூரிலிருந்து நாலு பேர், மற்றவர்கள் சென்னை, திருச்சி. எல்லோரும் நல்ல ஆட்டக்காரர்கள். ஒருவன் பெயரைக்கூட ஊருக்குத் தெரியாது.

"அப்ப அது இன்னா நம்ம டீமு?" என்று கேட்டுவிட்டு அவர் பால் காய்ச்சப் போனார்.

அன்று சாயங்காலமே அவளுக்கு அர்பாஸ் நினைவுக்கு வந்தான். ஊரில் நடந்த ஒரு நாக்அவுட் போட்டியில் அவனைப் பார்த்திருந்தாள். இருபத்தொரு வயது. இடது கால்காரன். பந்து அவன் காலில் இருக்கும்போது எதிராளி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடுவான். அவனுடைய அப்பா நசீர் அகமது தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் மெத்தை தைத்து விற்கிறார். அர்பாஸும் அங்கேதான் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான்.

கோச்சிடம் மூன்று வாரம் நச்சரித்தாள். கடைசியில் அவர், தொல்லை தாங்காமல், ஓர் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு அவனை இறக்கினார். பதினேழாம் எண் சட்டை. இறங்கிய ஏழாவது நிமிடத்தில் கோல் போட்டான். அடுத்த ஆட்டத்தில் முதலிலிருந்தே ஆடினான்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அந்தச் சந்துக்காரர்கள் வந்தார்கள், பிறகு பக்கத்துத் தெருக்காரர்கள். "மெத்தைக்கடை பாய் பையன் ஆடறானாம்" என்று ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சு ஓடியது. நானூறு பேர், அடுத்து எழுநூறு, அடுத்து ஆயிரத்துச் சொச்சம். கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியை திரௌபதி, தன் பெண்கள் அணியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். முதல் தடவை ஆட்டம் முடிந்ததும் அவள் அன்புச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், எங்க பொண்ணுங்க இவ்ளோ நாளு மொபைல்ல வெள்ளக்காரன்தான் பாத்துட்டு இருந்துச்சுங்க. இன்னிக்குதான், பஸ் ஏறிப் போற தூரத்துல இருக்கறவன் ஆடிப் பாத்துச்சுங்க."

சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம் நெருங்கியது. அடுத்த வருடம் அணிக்கு உரிமம் தருவதா வேண்டாமா என்று பார்க்க லீக் ஆட்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக இருந்தது. அர்பாஸ் படம் போட்ட சுவரொட்டி ஊரெல்லாம் ஒட்டியிருந்தது. புதன்கிழமை மத்தியானம் நாலாயிரம் டிக்கெட்டும் தீர்ந்தன. 'டிக்கெட் இல்லை' என்று ஓர் அட்டையில் எழுதி ஜன்னலில் மாட்டிவிட்டு, அன்புச்செல்வி வெளியே போய் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வியாழக்கிழமை கண்ணாயிரம் நேரில் வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அர்பாஸ சென்னை டீமுக்குக் குடுத்தாச்சு. ஆள் மாத்திக்கற கெடு சனிக்கெழமயோட முடியுது. நாளைக்கி கார் வரும். முழங்கால் ஸ்கேனுன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஒப்பந்தப் பேப்பர அங்க போய்தான் காட்டுவாங்க."



"ஞாயித்துக்கெழம மேட்சு சார்?"

"அவன் இல்லாம ஆடுவோம்."

"ஜனங்க அவனுக்காகத்தான் சார் வர்றாங்க."

"வரட்டும். வந்து உக்காரட்டும். லீக்குக்காரன் பாக்கட்டும். அதுவரைக்கும் உன் வாய்லேர்ந்து ஒரு வார்த்த வரக் கூடாது. உரிமம் போச்சுன்னா டீமையே மூடிடுவேன். ஆடறவன், கோச்சு, துணி துவைக்கிறவரு, நீ, அத்தினி பேரும் வீட்டுக்குப் போவீங்க. யோசிச்சிக்கோ."

அவள் யோசித்தாள். துணி துவைக்கிறவரைப் பற்றியும் யோசித்தாள். இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று முழுவதும் அவள் கண்முன் நின்றது வேறு. நாலாயிரம் பேர் உட்கார்ந்த கேலரி. வாழ்க்கையில் ஒரு தடவை. அவன் வரமாட்டான் என்று சொன்னால் அது கலைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை, காரில் ஏறுவதற்கு முன் அர்பாஸ் அவளுடைய அறைக்கு வந்தான்.

"அக்கா, ஸ்கேன் எடுத்துட்டு நாளைக்கி சாயந்திரமே வந்துடுவேன். எங்கப்பா மொதல் தடவையா ஞாயித்துக்கெழம கடைய மூடிட்டு வர்றாரு. அவருக்கு முன்னாடி வரிசைல ஒரு சீட்டு வெச்சுடுங்க."

"வெக்கறேன். போய்ட்டு வா" என்றாள். அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே கூட்டம் வந்துவிட்டது. ஷேர் ஆட்டோக்கள் வாசல் வரை வரிசையாக நின்றன. கீழ்பென்னாத்தூர்ப் பெண்கள் காகிதத்தில் பதினேழு என்று எழுதி முதுகில் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். நசீர் அகமது இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுடன், மனைவி முன்னி பேகத்தை அழைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நாலு மணிக்கு ஓர் இடம்கூடக் காலியாக இல்லை. தகரக் கூரைக்கு அடியில் அந்தக் கூட்டத்தின் சத்தம், மழை கொட்டுவதுபோல இருந்தது. அன்புச்செல்வி கேலரிக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள். அவள் எதிர்பார்த்த சந்தோஷம் வந்தது. அதுதான் அவளால் பின்னால் தன்னை மன்னிக்க முடியாமல் போனதற்குக் காரணம்.

நாலே காலுக்கு ஒலிபெருக்கியில் பெயர்களைப் படித்தார்கள். பதினோரு பெயர்களும் முடிந்தன. மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களும் முடிந்தன. மறுபடி படிப்பார்கள் என்று கூட்டம் காத்திருந்தது. யாரோ "அர்பாஸ் எங்க?" என்று கத்தினார். பிறகு பலர் கத்தினார்கள்.

நசீர் அகமது போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற அன்புச்செல்விக்கு அவர் பேசியது மட்டும் கேட்டது.

"எங்கடா இருக்க? ... இன்னா போட்டோ? அவங்க சட்டைலயா? ... கையெழுத்து போட்டியா? எதுல? ... ஞாயித்துக்கெழம நேரா மேட்சுக்கு அனுப்பறேன்னுதான சொன்னாங்க ... அழாதடா. சரி. அழாத."

போனை மடியில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். முன்னி பேகம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரௌபதி படி இறங்கி வேகமாக வந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நசீர் அகமதும் தலையைத் திருப்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லங்க. எனக்கும் இப்பதான் தெரியும்" என்றாள் அன்புச்செல்வி.

நசீர் அகமது மெல்ல எழுந்தார். "நீ இன்னாம்மா பண்ணுவ, நீயும் சம்பளத்துக்கு இருக்கறவ" என்று சொல்லிவிட்டு மனைவியைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போனார். அந்தச் சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவர் பின்னால் போனார்கள். யாரும் கல் எறியவில்லை, நாற்காலி உடைக்கவில்லை. பாதி ஆட்டத்துக்குள் கேலரியில் முக்கால்வாசி காலி. கேலரிப் படி முழுக்கப் பதினேழு எழுதிய காகிதங்கள் மிதிபட்டுக் கிடந்தன. செம்மலை அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே லீக் ஆட்கள் நிறைந்த கேலரியைப் படம் எடுத்திருந்தார்கள். உரிமம் கிடைத்துவிட்டது.

சென்னை அணி அர்பாஸை ஐந்து மாதம் வைத்திருந்தது. ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. அவனைப் போல இடது கால்காரர்கள் அங்கே மூன்று பேர் இருந்தார்கள். ஐந்தாம் மாதம் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிட்டார்கள். செம்மலை எஃப்.சி. அவனைத் திரும்ப எடுக்கவில்லை. கொடுத்தவனைத் திரும்ப எடுத்தால் கேவலம் என்றார் கண்ணாயிரம்.

புதிய சீசனின் முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. டிக்கெட் எதுவும் போகவில்லை. அன்புச்செல்வி பழையபடி கடை கடையாக ஏறினாள். யாரும் திட்டவில்லை. "பாக்கலாம்மா" என்றார்கள். கீழ்பென்னாத்தூரில் திரௌபதி, பெண்களுக்குப் பரீட்சை இருக்கிறது என்றாள். கடைசியாக மெத்தைக் கடைக்குப் போனாள். நசீர் அகமது வெளியே போயிருந்தார். அர்பாஸ் தரையில் உட்கார்ந்து, நீளமான ஊசியால் ஒரு மெத்தையின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"கூட்டம் கம்மியா வருமாக்கா?"

"வரவே வராதுபோல."

அவன் ஊசியிலிருந்து நூலை உருவினான்.

"நான் சொன்னா வருவாங்கக்கா. எங்க தெருவுல கோவம் அந்தாளு மேலதான், உங்க மேல இல்ல. அக்காவையும் சேத்துதான் ஏமாத்திட்டாங்கன்னு அப்பாவே எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்காரு. நீங்க மட்டும் இல்லன்னா நான் அந்த மைதானத்துல கால் வெச்சிருக்க முடியுமா? உங்களுக்காக வரச் சொல்றேன். ஒரு ஐநூறு பேரு, எழுதி வெச்சுக்கோங்க."

சரி என்று சொல்லிவிட்டு எழுந்தால் போதும். வேலை நிலைக்கும். கண்ணாயிரத்தின் வாய் அடைபடும். அவள் வாயில் அந்த வார்த்தை வந்தும் விட்டது. எதிரே அவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை.

"அர்பாஸ், எனக்குத் தெரியும்."

"இன்னாக்கா?"

"அந்த வியாழக்கெழமையே சொல்லிட்டாங்க. நீ கார் ஏறும்போது எனக்குத் தெரியும். ஸ்கேன் எல்லாம் பொய்னு தெரியும். உங்கப்பாகிட்ட தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

அவன் உடனே நம்பவில்லை. அவள் சொல்வதில் ஏதோ தவறிருக்கும் என்பதுபோலப் பார்த்தான்.

"சீட்டு கேட்டேனே உங்ககிட்ட."

"கேட்ட."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கார்ல ஏறியிருக்க மாட்டேன்கா."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"கேலரி நெறஞ்சு ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள். கேட்கும்போது அவளுக்கே அது அசிங்கமாக இருந்தது. ஆனால் அதுதான் உண்மை.

அர்பாஸ் கத்தவில்லை. கீழே உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோக்க முயன்றான். இரண்டு தடவை தவறியது.

"அப்பா வர்ற நேரமாச்சு. அவர் வர்றதுக்குள்ள போயிடுங்க" என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். அவர்களில் இருபது பேர் எதிரணியின் ஊரிலிருந்து வந்தவர்கள். ஆட்டத்துக்கு முன் பத்திரிகைக்காரர்கள் கண்ணாயிரத்திடம் காரணம் கேட்டார்கள்.

"நாலாயிரம் சீட்டு கட்டிக் குடுத்தேன். இந்த ஊருக்கு ரசன இல்ல. அடுத்த வருஷம் டீம வேற ஊருக்குக் கொண்டு போறேன்."

ஒரு நிருபர் அன்புச்செல்வியிடமும் கேட்டார்.

"ரசன எல்லாம் இருக்குதுங்க. வந்தாங்க. வந்தவங்கள நாங்க ஏமாத்தினோம். நானும் சேந்துதான்" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மறுநாள் பேப்பரில் கண்ணாயிரம் சொன்னது மட்டும் வந்தது. ஆனால் அவள் சொன்னது கண்ணாயிரத்தின் காதுக்கு அப்போதே போய்விட்டது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்படி ஆள் அனுப்பினார். அவள் கவுண்டரைப் பூட்டி, சாவியை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டு, வெயிலில் மெயின் ரோட்டை நோக்கி நடந்தாள். பின்னால் மைதானத்தில் ஒரு கோல் விழுந்தது. கத்தியது ஆடியவர்கள் மட்டும்தான். யார் போட்டது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.