நேரமிருக்கு

எங்கள் ஊர்ப் பனி ஹாக்கித் தளத்தில் தண்டனைப் பெட்டியின் கதவைத் திறந்து மூடுகிறவன் நான். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த வேலை. அடித்துக்கொண்டு வருகிற ஹாக்கிக்காரர்களை உள்ளே விட்டு, தண்டனை முடிந்ததும் வெளியே விட வேண்டும். ஒருவன் கோபத்தில் அடித்தானா, கடமைக்கு அடித்தானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன். கார்னெட் ஃபேரிடம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை.

கார்னெட் தடுப்பாட்டக்காரன். கோல் போடுகிறவன் பெயரைக் குழந்தைகள் முதுகில் எழுதிக்கொண்டு திரியும். தடுக்கிறவன் பெயர் அவன் தப்புச் செய்தால்தான் நாலு பேர் வாயில் வரும். சஸ்காச்சுவான் மாகாணத்துக் கோதுமை வயலுக்கு நடுவே பிறந்த பையனைப் பெரிய லீக் அணி ஒன்று கடைசிச் சுற்றில், போனால் போகிறதென்று தேர்ந்தெடுத்தது. அங்கே யாருக்காவது முட்டி பெயர்ந்தால் கூப்பிடுவார்கள். முட்டி சரியானதும் திருப்பி அனுப்புவார்கள். அப்படிப் போய்ப் போய் வந்ததையெல்லாம் கூட்டினாலும் ஒரு பனிக்காலம் தேறாது. மிச்ச வாழ்க்கை சின்ன லீகின் பேருந்துகளில் கழிந்தது. வயது முப்பதைத் தாண்டியபின் சொந்த ஊருக்கே வந்து எங்கள் நாரைகள் அணியில் சேர்ந்தான். அவன் முன்பற்களில் பாதி அவனுடையவை அல்ல.

இங்கே அவனுக்கு ஜோடி டேரல் கோஸ்டியுக். எல்லோருக்கும் கோஸ்டி. தடுப்பாட்டக்காரர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். எதிரணி பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, நம் மூலைக்கு அடித்துவிட்டால், ஒருவன் அரங்கம் முழுவதற்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போக வேண்டும். பின்னால் யார் துரத்துகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது, ஜோடிதான் கண். "ஆள் வர்றான்" என்று ஜோடி கத்தினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு இடியை வாங்கத் தயாராக வேண்டும். "நேரமிருக்கு" என்று கத்தினால் நிதானமாகத் திரும்பி, ஆள் பார்த்துத் தள்ளிவிடலாம். கட்டிய பெண்டாட்டி சொல்வதைக்கூட ஒருமுறை யோசித்துவிட்டுக் கேட்கலாம், ஜோடியின் சத்தத்தை யோசிக்காமல் கேட்க வேண்டும்.

ஜனவரியில் ஓர் ஆட்டம். கார்னெட் வெகுநேரம் இறங்கியிருந்ததில் கால்கள் செத்துப்போயிருந்தன. பக் மூலைக்குப் போனது, கோஸ்டி துரத்திப் போனான். கார்னெட்டின் கண் மட்டும் பெஞ்சின் மேல் இருந்தது, மாற்று ஆள் எப்போது எழுந்திருப்பான் என்று. பின்னால் திரும்பிப் பார்க்காமலே, பழக்க தோஷத்தில், "நேரமிருக்கு" என்று கத்தினான். கோஸ்டி நிதானமாகத் திரும்பினான். எதிரணியின் ராபிஷோ முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தான். கோஸ்டியின் தலை தளத்தைச் சுற்றியிருக்கும் கண்ணாடித் தடுப்பில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கு முந்தின சத்தம் கேட்கவில்லை. இதையெல்லாம் பிற்பாடு கார்னெட் சொல்லித்தான் நான் அறிவேன்.

ராபிஷோவை லீக் பல ஆட்டங்களுக்குத் தள்ளி வைத்தது. எங்கள் ஊர் அவனுக்கு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது. முதுகில் அடித்த கோழை என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். கோஸ்டி வீட்டில் சன்னல்களைப் போர்வையால் மூடி வைத்தார்கள். வெளிச்சம் பட்டால் வாந்தி எடுத்தான்.

தடையெல்லாம் முடிந்து, மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்துக்கு ராபிஷோ எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. இந்த விளையாட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஜோடியைச் சாய்த்தவனை ஜோடிதான் கணக்குத் தீர்க்க வேண்டும். கையுறையை உதறிவிட்டு, எல்லோர் முன்னாலும். காப்பிக் கடையில் கார்னெட்டின் தோளைத் தட்டாத ஆள் இல்லை. முடிவெட்டுகிறவன், இந்த வாரம் நீளமாகவே இருக்கட்டும், ராபிஷோ பிடித்து இழுக்க வசதியாக இருக்கும் என்று கிண்டல் பண்ணினான். பயிற்சியாளர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. முதலில் இறங்கும் ஐவரில் கார்னெட் பெயரை எழுதினார், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முதல் நாள் கார்னெட் கோஸ்டி வீட்டுக்குப் போனான். பார்க்காமல் கத்தியதைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனானாம். கோஸ்டியின் மனைவி மார்லா தட்டு நிறைய, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரோகியும் வதக்கிய வெங்காயமும் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள்.

"நாளைக்கு அவனை விட்டுறாத, கார்னெட்" என்றாள். "நான் டிவி பாக்கறதில்ல. நாளைக்குப் பாப்பேன்."

கறுப்புக் கண்ணாடி போட்டுச் சோபாவில் சாய்ந்திருந்த கோஸ்டி, "என் பேரைச் சொல்லி யாரும் சண்டை போட வேணாம்டா" என்றான். "எனக்கு அது வேணாம். நிஜமாத்தான் சொல்றேன்."

அவனுடைய பெருந்தன்மை என்று கார்னெட் நினைத்துக்கொண்டான். அடிபட்டவன் வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதானே. தொண்டை வரை வந்ததைப் பெரோகியோடு சேர்த்து விழுங்கிவிட்டு எழுந்து வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் நிற்க இடமில்லை. நடுவர் பக்கைப் போட்ட உடனேயே கார்னெட் போய் ராபிஷோவின் முன்னால் நின்றான். ராபிஷோவும் எதிர்பார்த்தே வந்திருந்தான். தலையை ஆட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றினான். நான் எத்தனையோ சண்டை பார்த்தவன். இது சண்டை மாதிரியே இல்லை. ராபிஷோ ஒரு கையால் கார்னெட்டின் சட்டையைப் பிடித்துக்கொண்டான், மறு கையை ஓங்கினான், ஆனால் இறக்கவில்லை. கார்னெட் அடித்தான். மூக்கு உடைந்தது, பிறகும் அடித்தான். நடுவர்கள் பிரித்தபோது பனியெல்லாம் ரத்தம். ஊரே எழுந்து நின்று கண்ணாடியைத் தட்டியது. நானும்தான் தட்டினேன்.

இருவருக்கும் ஐந்து நிமிடம். எனக்கு இடப்பக்கப் பெட்டியில் கார்னெட், வலப்பக்கம் ராபிஷோ. ராபிஷோ துண்டில் ரத்தத்தைத் துப்பிவிட்டு என் தலைக்கு மேலாக எட்டிக் கேட்டான்:

"கோஸ்டிக்கு வெளிச்சம் இப்பத் தாங்குதா? போன வாரம் பரவாயில்லன்னான்."

கார்னெட் சுவர் மாதிரி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். அடித்த களைப்பு என்று நான் கணித்தேன். என் கணிப்பு லட்சணம் அது.

ஆட்டம் முடிந்ததும் குளிக்கக்கூட இல்லாமல் கோஸ்டி வீட்டுக்கு ஓடினான். பொழுது இன்னும் சாயவில்லை. மார்லா வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதாள். வீங்கியிருந்த அவன் கையைப் பார்த்துவிட்டு, ஐஸ் கொண்டுவருகிறேன் என்று பின்கட்டுக்கு ஓடினாள். உள்ளே கோஸ்டி மட்டும் இருந்தான்.

"ராபிஷோ உன்கூடப் பேசறானா?" என்று கேட்டான் கார்னெட்.

"வாரா வாரம் போன் பண்றான்."

"கோஸ்டி, அன்னைக்கு நான்..."

"நேரமிருக்குன்னு கத்தின. கேட்டுச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஞாபகமில்ல." கோஸ்டி கண்ணாடியைக் கழற்றவில்லை. "அவனுக்கும் கேட்டுருக்கு, ஆனா ரொம்பப் பக்கத்துல வந்தப்புறம்தான். நான் சுவரோட ஒட்டிக்குவேன்னு நினைச்சு வந்தவன், நான் திடீர்னு திரும்பினதும் நிறுத்த முடியல. விசாரணையில அவன் இதைச் சொல்லியிருந்தா தடை பாதியாக் குறைஞ்சிருக்கும். உன் பேரு கெட்டுரும்னு வாயைத் திறக்கல."

கார்னெட்டுக்கு உட்காரத் தோன்றவில்லை. மன்னித்துவிடு என்று மட்டும் எப்படியோ சொன்னான்.

"கத்தினதுக்கா? அதை அன்னைக்கே விட்டுட்டேன். எனக்கும் கால் செத்து, பாக்காமக் கத்தின நாள் உண்டு. நான் தப்பிச்சேன், நீ மாட்டின." சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நேத்து வேணாம்னு சொன்னேனேடா. அப்பவாவது நீயாச் சொல்லுவியான்னு பாத்தேன். பெரோகி தின்னுட்டுப் போய் அவன் மூக்கை உடைச்சிட்டு வந்திருக்க. இதை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

அந்த நிமிடத்தில் தன்னைத்தானே வெறுத்த மாதிரி எந்த எதிரியையும் வெறுத்ததில்லை என்று பிற்பாடு கார்னெட் என்னிடம் சொன்னான். அடித்தபோது கை வலிக்கவில்லையாம். அப்போதுதான் வலிக்க ஆரம்பித்ததாம்.

"மார்லாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதை நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும்."

மார்லா ஐஸ் பையோடு வந்தாள். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்திலேயே தரையில் மண்டியிட்டு, அவன் கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு விரல் மூட்டுகள் மேல் பையை வைத்தாள். எங்கள் வீட்டுச் சாமி நீ என்கிற மாதிரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு அடியையும் டிவியில் பார்த்தாளாம். இத்தனை நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் தூங்கப்போகிறாளாம்.

கார்னெட் கோஸ்டியைப் பார்த்தான். கோஸ்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஆள் வருகிறான், வரவில்லை என்று சொல்ல இந்தத் தடவை யாரும் இல்லை.

"மார்லா" என்றான். "அன்னைக்கு நேரமிருக்குன்னு கத்தினது நான். திரும்பிப் பாக்காம கத்தினேன்."

அவள் ஹாக்கிக்காரன் மகள், ஹாக்கிக்காரன் மனைவி. அவளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐஸ் பையை அவள் எடுக்கவில்லை. அது கார்னெட்டின் விரல்கள் மேல் வைத்தபடியே இருந்தது. அடியில் ஏந்தியிருந்த தன் கையை மட்டும் மெல்ல உருவிக்கொண்டு எழுந்து போனாள்.